தெக்கியோன்: கொரிய மரபுத் தற்காப்புக் கலையின் இயல்புகளும் அதன் சொல்வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

கொரியாவின் மரபுத் தற்காப்புக் கலைகளுள் ஒன்றான தெக்கியோன் 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இக்கலையைப் பழங்கால வீரர்களின் போர்ப்பயிற்சியிலிருந்து நேரே வந்ததாகக் காணும் போக்கு பரவலாக உள்ளது. அதன் கலைச்சொற்கள், பழைய நூற்குறிப்புகள், போட்டி விதிகள் ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, தெக்கியோன் ஊர்ப்பொது விளையாட்டாக நிலைபெற்றது என்றும், அதன் தனித்த உடலசைவுகள் அவ்விளையாட்டுத் தன்மையைக் கொண்டே விளங்கிக்கொள்ளத்தக்கவை என்றும் காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தெக்கியோன், பும்பப்கி, சோங் தொக்-கி, கொரிய நாட்டார் விளையாட்டு, கலைச்சொல், அருவப் பண்பாட்டு மரபுரிமை.

முன்னுரை

1983-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் தென்கொரிய அரசு, தெக்கியோன் என்னும் மரபுக் கலையைத் தன் முக்கிய அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையில் 76-ஆவதாக ஏற்று அறிவித்தது. சோசன் அரசமரபு நிலவிய காலத்திலேயே அக்கலையை ஆசானிடம் பயின்றவர் என்று சுட்டுதற்கு அன்று எஞ்சியிருந்தவர் சோங் தொக்-கி (1893–1987) ஒருவரே. அவருக்கு அப்போது அகவை 90. ஒரு மொழிக்குக் கடைசிப் பேச்சாளர் ஒருவர் மட்டும் எஞ்சும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். அவர் வாயிலிருந்து வருவதில் எது மொழி, எது அவருடைய தனிப்பழக்கம் என்று பிரித்தறிய இன்னொரு வாய் இல்லை.

இத்தகைய நிலையில் கலையொன்றன் இயல்பை வரையறுப்போர் இருவழிகளுள் ஒன்றை நாடுவர். ஒன்று, எஞ்சியவருக்குப் பின்னாலுள்ள இடைவெளியைத் தொன்மைக் கதைகளால் நிரப்புதல். மற்றொன்று, கிடைக்கும் சிறுசிறு சான்றுகளைக் கொண்டு அவர் நினைவைச் சரிபார்த்தல். தெக்கியோனைப் பற்றிய எழுத்துகளில் முதல்வழியே மிகுதி. கோகுரியோ அரசின் கல்லறை ஓவியங்கள் தொடங்கி ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி பேசும் நூல்கள் பல. இக்கட்டுரை இரண்டாம் வழியை மேற்கொள்கிறது. இதற்குப் பெருந்துணையாக அமைவன இக்கலையின் சொற்கள்.

பெயரும் அதன் எழுத்தும்

கொரிய மொழியில் போர்க்கலைப் பெயர்கள் பலவும் சீன எழுத்துகளால் ஆன சொற்கள். சுபாக் என்பது ‘கையால் அடித்தல்’. குவோன்பொப் என்பது ‘கைம்முட்டி முறை’. இக்காலத்து டேக்வாண்டோ ‘காலால் மிதித்தல், கைம்முட்டி, நெறி’ என மூன்று சீன எழுத்துகளாற் பொருள்படுவது. இவை எழுதப்படிக்கத் தெரிந்தோர் உலகில், அரண்மனையிலும் படைத்துறையிலும் வழங்கிய பெயர்கள். தெக்கியோன் என்பதற்கோ அவ்வாறு உறுதியாகச் சொல்லத்தக்க சீன எழுத்து வடிவம் இல்லை.

யி மான்-யோங் தொகுத்த ஜேமுல்போ (1798) என்னும் சொற்களஞ்சியம் இங்கு முதற்சான்று. கைப்போரையும் மற்போரையும் குறிக்கும் பழைய சீனச் சொற்களை விளக்க வந்த அந்நூலாசிரியர், அவை இக்காலத்துத் ‘தாக்கியோன்’ போன்றவை என்கிறார். அச்சொல்லை மட்டும் சீன எழுத்தில் எழுதாது கொரிய எழுத்தில் எழுதுகிறார். அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறுவோர் யாவரும் அறிந்த சொல்லையே பொருளாகத் தருவர். ஆகவே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது விளக்கம் வேண்டாத நாட்டுவழக்குச் சொல்லாக இருந்தமை தெளிவு.

சோய் யோங்-நியோன் இயற்றி 1925-இல் வெளிவந்த ஹேதோங் ஜுக்ஜி, கொரிய வழக்கங்களைச் சீனமொழிச் செய்யுளிற் பாடும் நூல். சீனத்தில் எழுதவேண்டிய தேவையால் அவர் இவ்விளையாட்டின் பெயருக்கு இரு சீன எழுத்துகளைத் தேர்ந்தார். அவற்றின் பொருள் ‘தோளைத் தள்ளுதல்’ என்பதாகும். ஆனால் அச்செய்யுளும் அதற்கான குறிப்பும் தோளைப் பற்றியன அல்ல. பறந்து செல்லும் கால்களையும், எதிராளியின் உச்சிக்கொண்டையைத் தொட்டுச் செல்லும் உதையையும் பற்றியன. எழுத்துகள் ஒலிக்காக மட்டுமே கடன்பெறப்பட்டன என்பதற்கு இம்முரண்பாடே சான்று. நாட்டார் சொல்லுக்கு உயர்மொழி வேர் கற்பிக்கும் இப்பழக்கம் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று.

இச்சொல்லின் எழுத்துக்கூட்டு அண்மைக்காலம் வரையில் சிக்கலுக்குரியதாகவே இருந்தது. தரப்படுத்தப்பட்ட கொரிய அகராதி இதனை ஒலிப்பை ஒட்டி, ‘தெ’ என்னும் அசைக்குப்பின் வல்லழுத்தமுடைய ககரம் வருமாறு எழுதியது. 1983-இன் அரசு அறிவிப்போ ‘தெக்’, ‘கியோன்’ எனப் பிரித்தெழுதியது. கலையைப் பயில்வோர் பின்னதையே கைக்கொண்டனர். அரசின் ஒரு துறை போற்றிய எழுத்தை இன்னொரு துறை பிழையென்றது. 2011 ஆகஸ்டு 31-ஆம் நாள் தேசியக் கொரியமொழி நிறுவனம் 39 சொற்களைப் புதிதாகத் தரவழக்கில் ஏற்றபோது ‘தெக்-கியோன்’ என்னும் வடிவமும் அவற்றுள் ஒன்றாயிற்று. அன்று பொதுமக்கள் கவனமெல்லாம் அப்பட்டியலிலிருந்த ஜாஜாங்மியோன் என்னும் நூடுல்ஸ் உணவின் எழுத்துக்கூட்டு மீதே சென்றது என்பது தனிக்கதை.

கலைச்சொற்கள் காட்டும் உலகம்

பெயரைப் போன்றே தெக்கியோனின் நுட்பங்களைக் குறிக்கும் சொற்களும் பெரும்பாலும் தூய கொரியச் சொற்கள். ‘நாக்சிகொரி’ என்பது தூண்டில் மாட்டுதல். எதிராளியின் குதிகாலுக்குப் பின்னே தன் காலைக் கொக்கிபோல் வளைத்து இழுப்பதைக் குறிக்கும். ‘காக்கும்தாரி’ என்பது சீவுங்கால். கனியின் தோலைச் சீவினாற்போல எதிராளியின் காலை ஒட்டி உள்ளங்காலை இறக்குவது. ‘பால்தாக்வி’ என்பது காலால் விடும் கன்னத்தறை. ‘கால்ஜெபி’ என்பதில் வரும் ‘கால்’ தமிழ்க் கால் அன்று. அம்மொழியில் அதற்குக் கத்தி என்று பொருள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவையால் எதிராளியின் கழுத்தைத் தள்ளுவதை அது குறிக்கும்.

தூண்டிலும் தோல்சீவலும் கன்னத்தறையும் ஊர்வாழ்வின் செயல்கள். இப்பெயர்களில் புலியும் நாகமும் இல்லை. வானமும் மலையும் இல்லை. கற்றோர் எவரும் உட்கார்ந்து இவற்றைப் பெயரிட்டதாகத் தோன்றவில்லை. ஆடியோரும் பார்த்தோரும் அசைவைக் கண்டவாறே அழைத்த பெயர்களாகவே தோன்றுகின்றன.

‘தன்ஜுக்’ என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. எதிராளியின் காலைப் பக்கவாட்டில் தட்டியோ இழுத்தோ வீழ்த்தும் நுட்பத்திற்கு, தெக்கியோனிலும் சிரும் எனப்படும் கொரிய மற்போரிலும் இதுவே பெயர். அன்றாடக் கொரிய மொழியில் ‘தன்ஜுக் போடுதல்’ என்பது, ஒப்புக்கொண்ட ஒன்றைப் பின்னர் மறுத்துக் குறுக்கே நிற்பதைக் குறிக்கும் மரபுத்தொடர். தமிழின் ‘காலை வாருதல்’ என்னும் வழக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. தெக்கியோனை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராத கொரியரும் அதன் சொல்லொன்றை நாள்தோறும் வழங்குகின்றனர். படைவீரரின் தனிப்பயிற்சியாக மட்டும் இருந்த ஒன்று பொதுமொழியில் இவ்வாறு ஊறியிருத்தல் அரிது.

ஆட்டத்தின்போது எழுப்பும் ‘இக்கு’, ‘எக்கு’ என்னும் ஒலிகளும் இவ்வகையினவே. கராத்தேயில் உதை முடியும் கணத்தில் வெடிக்கும் வீரமுழக்கத்தோடு இவற்றை ஒன்றாக எண்ணுதல் தவறு. ‘இக்கு’ என்பது எதிர்பாராத ஒன்றைக் கண்டு திடுக்கிடும் கொரியர் இயல்பாகச் சொல்லும் வியப்பிடைச்சொல். தமிழின் ‘ஐயோ’, ‘அடடே’ போன்றது. போரிடுவோன் எதிரியை அச்சுறுத்த முழங்குவான். விளையாடுவோனோ வழுக்கப்பார்த்துத் தப்பியவன்போல் ஒலியெழுப்பித் தானும் நகைப்பான், பார்ப்போரையும் நகைப்பிப்பான்.

அடிவைப்பு

தெக்கியோனை முதன்முறை காண்போர் அதனை நடனமென்றே கருதுவர். அதற்குக் காரணம் பும்பப்கி எனப்படும் அடிவைப்பு. ‘பப்கி’ என்பது மிதித்தல். ‘பும்’ என்பது மூன்று சதுரங்களை மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக அடுக்கினாற்போன்ற சீன எழுத்தொன்றின் ஒலிப்பு. கால் மிதிக்கும் மூன்று இடங்களும் அவ்வெழுத்தின் வடிவில் முக்கோணமாக அமைவதால் இப்பெயர் வந்ததென்பர். இருகால்களும் அகன்றிருக்க, ஒருகால் முன்னுள்ள முனைக்குச் சென்று மீளும். பின்னர் மறுகால் செல்லும். இது மூன்று தாள எண்ணிக்கையில் இடையறாது நிகழும்.

இவ்வடிவைப்பினுள் நிகழும் இரு அசைவுகளுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. முழங்கால் மடிந்து உடல் தாழ்வது ‘கும்சில்’. இடுப்பு முன்வந்து உடல் வில்லென வளைந்து மீள்வது ‘நுங்சோங்’. இவ்விரண்டும் கொரிய மொழியின் குறிப்புச்சொற்களிலிருந்து வந்தவை. ‘கும்சில் கும்சில்’ என்பது அலை நெளிந்தசைவதைக் குறிக்கும் இரட்டைக்கிளவி. ‘நுங்சோங் நுங்சோங்’ என்பது மெல்லிய கழியோ கயிறோ துவண்டு துள்ளுவதைக் குறிப்பது. தமிழின் இரட்டைக்கிளவியை அறிந்தவர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். ஆசான் உடலின் கோணத்தையோ அளவையோ கூறவில்லை. அலைபோல் தாழ், கழிபோல் துவள் என்று மொழியே பயிற்சியளித்துவிடுகிறது. இக்காலடிகளோடு கைகள் அகன்று வீசும் அசைவு ‘ஹ்வால்கெஜித்’ எனப்படும். அது எதிராளியின் கண்ணை மயக்கவும், உயர்ந்து வரும் காலைப் பற்றவும், உடலின் சமநிலையைக் காக்கவும் உதவும்.

நடனம்போல் தோன்றும் இவ்வசைவுக்குப் பயன் தெளிவானது. அசையாது நிற்பவனிடத்தில் உதை எழும் கணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓயாது எடைமாற்றிக் கொண்டிருப்பவனிடத்தில் எந்த அடி வெறும் அடி, எந்த அடி உதையின் தொடக்கம் என்று கண்டறிதல் கடினம். முன்வைத்த காலைப் பின்னிழுத்தலும் அத்தாளத்திலேயே இயல்பாக நிகழ்ந்துவிடுகிறது.

சோங் தொக்-கியின் நினைவைச் சரிபார்க்க இன்னொரு வாய் இல்லை என்று மேலே கூறப்பட்டது. இவ்வொரு செய்தியில் அக்குறை நீங்குகிறது. அமெரிக்க இனவரைவியலாளர் ஸ்டூவர்ட் கியூலின் 1895-இல் வெளியிட்ட கொரிய விளையாட்டுகள் பற்றிய நூல், 1893-இன் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த கொரியக் குழுவினரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டது. அதில் தெக்கியோன் ஒரு சிறு பத்தியில் விளக்கப்பட்டுள்ளது. இருவர் கால்களை அகற்றி எதிரெதிரே நிற்பர். ஒருவர் காலை மற்றவர் தட்டி வீழ்த்த முயல்வர். கால்கள் எப்போதும் மூன்று இடங்களுள் ஒன்றிலேயே நிற்கும். உயர உதைப்பதும், அவ்வாறு வரும் காலைக் கையாற் பற்றுவதும் உண்டு. எதிராளியை வீழ்த்துவதே நோக்கம் என்பன அதன் செய்திகள். கியூலின் இதனைப் பிரான்சின் சவாத் என்னும் உதைவிளையாட்டோடு ஒப்பிடுகிறார். அந்நூல் அச்சானபோது சோங் இரண்டு அகவைக் குழந்தை. அவர் முதுமையில் ஆடிக்காட்டிய மூவிட அடிவைப்பும், கடல்கடந்து எழுதப்பட்ட இப்பத்தியும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போகின்றன. கல்லறை ஓவியங்கள் பற்றிய பக்கங்கள் அனைத்தையும்விட இச்சிறு பத்தி வலிமையான சான்று. அது இடம்பெற்றிருப்பது போர்க்கலை நூலில் அன்று, விளையாட்டு நூலில் என்பதையும் கருதவேண்டும்.

உதையும் அடக்கமும்

தெக்கியோன் போட்டியில் வெல்ல இருவழிகள் உண்டு: எதிராளியைத் தரையில் வீழ்த்துதல், அல்லது அவன் தலைப்பகுதியில் காலாற் படும்படி உதைத்தல். இவ்விரண்டும் பார்வையாளர் எவர்க்கும் ஐயமின்றிப் புலப்படுவன. புள்ளியெண்ணும் நடுவர் தேவையில்லை.

உதையின் தன்மை இங்கு நுணுகி நோக்கத்தக்கது. கராத்தேயிலும் டேக்வாண்டோவிலும் கால் விரைந்து சென்று கணநேரம் தாக்கி மீளும். ஆற்றல் முழுதும் அக்கணத்திற் குவியும். தெக்கியோனின் போட்டியுதை ‘நுன்ஜிருகி’ எனப்படும். உள்ளங்கால் எதிராளியின் உடலிற் பதிந்தபின்னரே அழுத்தம் தொடங்கும். அடிப்பதைவிடத் தள்ளுவதே அதன் வேலை. உதைபட்டவன் நிலைகுலைந்து பின்னே சரிவான், எலும்பு முறியாது. காயம் விளைக்கும் நேருதையைக் கொரியர் ‘கொதுன்பால்ஜில்’ என்று வேறுபடுத்திப் பெயரிட்டு, விளையாட்டில் விலக்கினர். மேலும் ‘யெத்பொப்’, அதாவது பழைய முறை, எனப்படும் ஆபத்தான தாக்குதல்களும் உண்டு. அவை போட்டிக்களத்துக்கு உரியன அல்ல. கடுமையை அறியாமையால் தெக்கியோன் மென்மையாக அமைந்துவிடவில்லை. கடுமைக்கும் பெயரிட்டு, அதனை அறிந்தே எல்லைக்கு வெளியே நிறுத்திய மென்மை அது.

இவ்வெல்லைக்குக் காரணம் போட்டியாளர்க்கிடையிலான உறவு. ஊருக்கும் ஊருக்கும் நடக்கும் போட்டி ‘கியோல்லியோன் தெக்கியோன்’ எனப்பட்டது. சந்திரமானக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளான தானோ திருநாளை ஒட்டி இது நடைபெறும். முதலிற் சிறுவர் ஆடுவர், பின்னர் பெரியோர். வென்றவன் களத்திலேயே நின்று அடுத்துவருபவனையும் எதிர்கொள்வான். விழா முடிந்தபின் இருதரப்பாரும் அதே சந்தையிலும் அதே தெருவிலும் முகம்பார்த்து வாழவேண்டியவர்கள்.

இன்றைய போட்டிகளிற் பின்பற்றப்படும் ‘தெஜொப்’ என்னும் விதி இவ்வுறவை நன்கு விளக்கும். ஆடுவோர் ஒவ்வொருவரும் தம் காலொன்றை எதிராளிக்கு எட்டும் இடத்தில் முன்வைக்கவேண்டும். எட்டாத தொலைவிலேயே நின்று காலங்கழித்தல் கூடாது. இச்சொல்லுக்கு அன்றாடக் கொரிய மொழியில் விருந்தினரை உபசரித்தல் என்று பொருள். தாக்கப்படுவதற்குத் தன் காலைத் தானே கொடுப்பதை உபசரிப்பு என்று அழைக்கும் விளையாட்டு வேறுண்டா என்பது ஐயமே. இவ்விதி ஒழுக்கம் பற்றியது மட்டுமன்று. கால் எட்டும் தொலைவில் இருந்தால்தான் தட்டலும் மாட்டலும் நிகழும். இடைவெளி பெருகினால் தாவியடிக்கும் வேகவுதைகளே எஞ்சும். ஆக, உபசரிப்பே உதையின் வன்மையையும் கட்டுப்படுத்துகிறது.

எனினும் இவ்விளையாட்டு எப்போதும் நற்பண்புடன் நடந்ததென்று கொள்ளுதற்கில்லை. மேற்குறித்த ஹேதோங் ஜுக்ஜியின் குறிப்பு, தெக்கியோனால் பழிதீர்த்தோரும், பிறனுடைய காமக்கிழத்தியைப் பந்தயமாக வைத்து வென்றோரும் இருந்தமையையும், அதனால் அதிகாரிகள் அதனைத் தடைசெய்தமையையும் தெரிவிக்கிறது. தெக்கியோன் மறைந்தமைக்கு 1910-இல் தொடங்கிய ஜப்பானிய ஆட்சியை மட்டுமே காரணமாக்குவோர் இக்குறிப்பைக் கடந்து சென்றுவிடுகின்றனர். குடியேற்ற ஆட்சியில் ஊர்க்கூட்டங்கள் ஒடுங்கியமையும் இவ்விளையாட்டைச் சிதைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் தடையின் தொடக்கத்தைக் கொரிய அதிகாரிகளிடமும் தேடவேண்டியுள்ளது.

தொன்மை பற்றிய கூற்றுகள்

தெக்கியோனின் தொன்மைக்குப் பெரிதும் காட்டப்படுவது முயோங்சோங் எனப்படும் கோகுரியோ கல்லறையின் ஓவியம். இன்றைய சீனாவின் ஜியான் நகரருகே உள்ள அக்கல்லறையில் இருவர் கைநீட்டி எதிரெதிரே நிற்கின்றனர். அவர்கள் பொருதுகின்றனர் என்பதற்கு மேல் அவ்வோவியம் எதுவும் கூறவில்லை. கொரியோ அரசின் வரலாற்றில் சுபாக் போட்டிகள் இடம்பெறுகின்றன. 1170-இல் மன்னன் உய்ஜோங் முன்னிலையில் நடந்த அத்தகைய போட்டியொன்றில் பின்வாங்கிய முதிய படைத்தலைவரைக் குடிமை அலுவலர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். அவ்வவமதிப்பு அன்றே படைவீரர் கிளர்ச்சிக்குத் திரியாயிற்று. ஆயினும் சுபாக் கையைப் பெயரிலேயே கொண்டது; தெக்கியோனோ காலால் ஆடுவது. ஜேமுல்போ இரண்டையும் ஒப்பிட்டதைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று முடிவுசெய்தல் விரைவுடைமை.

எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. மன்னன் ஜோங்ஜோவின் ஆணையால் 1790-இல் தொகுக்கப்பட்ட முயே தோபோ தோங்ஜி 24 வகைப் படைப்பயிற்சிகளைப் படங்களோடு விளக்கும் நூல். வெறுங்கைப் பயிற்சியான குவோன்பொப்பும் அதில் உண்டு; தெக்கியோன் இல்லை. எட்டாண்டுகளுக்குப் பின் ஒரு சொற்களஞ்சியம் யாவரும் அறிந்ததாகக் குறிப்பிடும் ஒன்றைப் படைநூல் குறிப்பிடாதிருப்பது, அன்றைய அரசு அதனைப் படைக்கலையாகக் கருதவில்லை என்பதையே காட்டும். யூ சுக் வரைந்ததாகக் கூறப்படும் 1846-ஆம் ஆண்டின் தெக்வேதோ என்னும் ஓவியமும் இக்கருத்துக்கு அரணாகிறது. ஒருபுறம் சிரும், ஒருபுறம் தெக்கியோன். சூழ்ந்து அமர்ந்து வேடிக்கை பார்க்கும் பல்வேறு நிலையினரான மக்கள். அது திருவிழாக் காட்சி. பயிற்சிக்களக் காட்சி அன்று.

ஒரு முதியவரும் ஒரு முறைமையும்

சோங் தொக்-கி சியோல் நகரின் இன்வாங் மலையடிவாரத்திலுள்ள சாஜிக்-தோங் பகுதியினர். அப்பகுதி மக்கள் தம் ஊரை ‘மேற்பக்கம்’ என்னும் பொருளில் ‘உய்தெ’ என வழங்கினர். அவர் இளமையில் இம் ஹோ என்பாரிடம் தெக்கியோன் கற்றார். ஹ்வாங்ஹாக்ஜோங் வில்வித்தை மண்டபத்தைச் சார்ந்த வில்லாளராகவும் விளங்கினார். 1958-இல் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் பிறந்தநாளில் தெக்கியோனை ஆடிக்காட்டியமை அக்கலை மீண்டும் பொதுவெளிக்கு வந்த முதல் நிகழ்வுகளுள் ஒன்று.

அரசு ஏற்பைப் பெற்றுத்தந்ததில் பெரும்பங்கு சின் ஹான்-சுங் (1928–1987) என்பவருடையது. சுங்ஜு நகரில் வாழ்ந்த அவர் சோங்கிடம் கற்றதோடு, வேறு முதியோரிடமும் கேட்டறிந்து, இக்கலையைப் பாடத்திட்டமாக்கினார். தனியே பயிலல், எதிரெதிர் பயிலல், பொருதிப்பார்த்தல் எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. ‘பொன்தெபொய்கி’ என்னும் தொடரசைவு வரிசையும் உருவாயிற்று. இச்சொற்களும் தூய கொரியச் சொற்களாகவே அமைந்தமை அவருடைய மொழியுணர்வைக் காட்டும். ஆயினும் ஊர்க்களத்தில் ஆடியவர்கள் வரிசைமுறைப் பயிற்சி செய்தவர்கள் அல்லர். பார்த்தும் விழுந்தும் கற்றவர்கள். பாடத்திட்டம் இல்லாத ஒன்றை அரசு அலுவலர்க்குக் காட்டவும் இயலாது, நகரப் பயிற்சிக்கூடத்தில் நூற்றுவர்க்குக் கற்பிக்கவும் இயலாது. சின் ஹான்-சுங் செய்தது சேர்க்கையா காப்பாற்றலா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. அவர் அதனைச் செய்யாதிருந்தால் விவாதிக்கவே ஒன்றும் எஞ்சியிராது என்பதும் மெய்.

1983-இல் இருவரும் கலையுரிமையாளராக ஏற்கப்பட்டனர். 1987-இல் இருவரும் மறைந்தனர். அடுத்த உரிமையாளராகச் சுங்ஜு மரபைச் சார்ந்த ஜோங் கியோங்-ஹ்வா 1995-இல் அறிவிக்கப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் மாணவர்கள் தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்தனர். பாடத்திட்ட வழியைப் போற்றுவோர் ஒருசாரார். விளையாட்டுப் போட்டியாக வளர்ப்போர் ஒருசாரார். சோங் ஆடியவாறே காக்கவேண்டுமென்போர் ஒருசாரார். 2004 முதல் சியோலின் இன்சா-தோங் கடைத்தெருவில் குழுப்போட்டிகள் நடத்தப்பட்டன. வழிப்போக்கர் நின்று பார்க்க, வென்றவர் அடுத்தவரை எதிர்கொள்ளும் பழைய முறை அங்கே மீண்டது. இது தெக்வேதோ ஓவியத்துக்கு மிக அருகில் வந்த முயற்சி.

டேக்வாண்டோவும் உலக ஏற்பும்

தெக்கியோனே டேக்வாண்டோவாக வளர்ந்தது என்னும் கூற்று பெயரொற்றுமையால் வலுப்பெற்றது. 1955-இல் படைத்தலைவர் சோய் ஹாங்-ஹி முன்மொழிந்த டேக்வாண்டோ என்னும் பெயர், தெக்கியோனின் ஒலியை நினைவூட்டுமாறு தேர்ந்த சீன எழுத்துகளாலானது. ஆனால் அவரும், 1940-களிலும் அதன்பின்னும் சியோலில் பயிற்சிக்கூடங்களை நிறுவியோர் பலரும் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். நிலையான நிற்பும், நேர்கோட்டு வீச்சும், தொடக்ககால வரிசைமுறைப் பயிற்சிகளும் கராத்தேயின் வழிவந்தவை. பின்னர் டேக்வாண்டோவில் காலின் ஆட்சி பெருகியமைக்குத் தெக்கியோனின் நினைவு தூண்டுகோலாக இருந்திருக்கலாம். ஆயினும் பும்பப்கியும் தெஜொப்பும் அதில் இல்லை.

2011 நவம்பரில் இந்தோனேசியாவின் பாலியிற் கூடிய யுனெஸ்கோ குழு தெக்கியோனை மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. வட்டமான மென்னசைவு, கைக்கு நிகரான காலின் பங்கு, எதிராளியைக் காயப்படுத்தாது பின்வாங்கச் செய்யும் திறன், உழவுசார்ந்த பருவ வழக்கங்களோடும் ஊர் ஒற்றுமையோடும் உள்ள தொடர்பு ஆகியன அங்கே எடுத்துரைக்கப்பட்டன. அப்பட்டியலில் ஏறிய முதல் தற்காப்புக் கலை தெக்கியோன் என்று பெருமையுடன் கூறுவர். முந்திய ஆண்டே துருக்கியின் கிர்க்பினார் எண்ணெய் மற்போர் விழா இடம்பெற்றுவிட்டதால், மற்போரைத் தற்காப்புக் கலையாகக் கொள்வோர் இக்கூற்றை ஏற்கமாட்டார். சிரும் என்னும் மற்போர் 2018-இல் வட, தென் கொரியாக்களின் பொது மரபாக அதே பட்டியலிற் சேர்ந்தது. தெக்வேதோவில் அருகருகே நின்ற இரு விளையாட்டுகளும் ஏழாண்டு இடைவெளியில் மீண்டும் ஒருங்கு சேர்ந்தன.

அமைப்புகளுக்கிடையே இன்று நிலவும் கருத்து வேறுபாடுகளுள் தலையாயது, பும்பப்கியில் இடுப்பு எவ்வளவு முன்வரவேண்டும், முழங்கால் எவ்வளவு தாழவேண்டும் என்பது. ஒரு மரபில் ‘நுங்சோங்’ மிகுதி. இன்னொரு மரபினர் அதனை மிகைநடனமென்று குறைகூறுவர். 1983-இல் சோங் தொக்-கியின் ஒளிப்படங்களோடு நூலொன்று வெளிவந்தது. முதியவரின் கால் உயர்ந்து நிற்கும் இடமும், கை விரிந்து நிற்கும் இடமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உடல் சென்ற வழியை அப்படங்கள் காட்டவில்லை. மூன்று தாளத்துள் ‘கும்சில்’ நிகழும் இடம் அதுவே.